கடைசி வீட்டுக் குழாயிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் பேவர் பிளாக் ரோடு, ஊர் எல்லையில் வளைவு, எல்இடி விளக்கு எல்லாம் வந்துவிட்டன. எங்கள் ஆதிதிராவிடர் தெருவில் மட்டும் மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது, குழாயில் பாதி நாள் தண்ணீர் இல்லை. கேட்டால் 'ஃபண்டு இல்லை' என்கிறார்கள். எல்லாரையும் சேர்த்து ஊரை முன்னேற்றுவது என்பதெல்லாம் வெறும் பேச்சுதானா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வெறும் பேச்சு இல்லை அம்மா, செய்து காட்டிய ஊர் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம். 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவரானவர் இளங்கோ. வேதிப் பொறியியல் படித்தவர், தலித், வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். கள்ளச்சாராயமும் சாதிச் சண்டையுமாக இருந்த ஊர் அது. அவர் காலத்தில் அங்கே கட்டிய சமத்துவபுரத்தில் எல்லாம் இரட்டை வீடுகள், ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம், நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரே சுவர். ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் கேட்கும், அவ்வளவு நெருக்கம். ஊர் மண்ணையே அழுத்திச் செய்த கல்லில் கட்டினார்கள், கூலியும் ஊருக்குள்ளேயே நின்றது.

உங்களுக்குச் சாக்கடைதான் பிரச்சினை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குத்தம்பாக்கத்தில் சாக்கடை கட்ட, கிரானைட் ஆலைகள் கழித்துப் போடும் பலகைக் கற்களைப் பயன்படுத்தினார்கள், செலவு குறைந்தது. விதிப்படி செய்யவில்லை என்று தலைவரையே இடைநீக்கம் செய்தார்கள்! ஊர் மொத்தமும் கிராம சபையில் கூடி அவர் பக்கம் நின்றது, பதவி திரும்பி வந்தது. 'ஃபண்டு இல்லை' என்பதை நான் முழுதாக நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். பணம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, இருக்கிற பணத்தில் எந்தத் தெரு முதலில் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வளைவு கட்டப் பணம் கிடைத்த ஊரில் சாக்கடைக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

தண்ணீருக்கு ஒரு வேலை செய்யுங்கள். தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிற நேரத்தில் நாலு பேராக, தொட்டியடியிலிருந்து உங்கள் தெருவின் கடைசி வீடு வரை குழாய் போகிற வழியே நடந்து பாருங்கள். முன் தெருவில் எத்தனை வீட்டில் குழாயோடு மோட்டார் மாட்டி இழுக்கிறார்கள், எங்கே வால்வு பாதிதான் திறந்திருக்கிறது, கடைசி வீட்டில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி அதையே மனுவாக்குங்கள். 'தண்ணீர் வரவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் 'பார்க்கிறோம்' என்று முடித்துவிடுவார்கள், இப்படிப்பட்ட மனுவை அப்படித் தள்ள முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், உங்கள் மனுவுக்குப் பொருத்தமான நாள். அப்புறம் முக்கியமானது, தீர்மானம் நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. வெற்றுத் தாளில் முதலிலேயே கையெழுத்து வாங்குகிற பழக்கம் பல ஊரில் இருக்கிறது. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், உங்கள் தெருப் பெண்களிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஓடந்துறை ஊராட்சி மாதிரி நாங்களும் காற்றாலையோ சோலாரோ போட்டுச் சம்பாதிக்க முடியுமா?
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: முடியும், ஆனால் ஓடந்துறை எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று பாருங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்திலுள்ள அந்த ஊராட்சிக்குக் குடிநீர் மோட்டாரின் கரண்ட் பில்தான் தலைவலி. அதைக் குறைக்கத்தான் 2003-ல் மரக்கழிவில் ஓடும் எரிவாயு இயந்திரம் வைத்தார்கள். அதில் பழகிய பிறகுதான் 2006-ல், சண்முகம் தலைவராக இருந்தபோது, 350 கிலோவாட் காற்றாலை. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காற்று நன்றாக வீசுகிற இடமாகப் பார்த்து உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுவினார்கள். தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

ஆக, முதலில் உங்கள் ஊராட்சியின் மின்கட்டண ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த மோட்டார் தின்கிறது, எந்த விளக்கு பகலிலும் எரிகிறது என்பது அதிலிருந்து பிடிபட ஆரம்பிக்கும். சோலார் விளக்கு போடுவதானால் பேட்டரி மாற்றும் செலவையும் அன்றைக்கே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு பேட்டரி செத்து, கம்பம் மட்டும் நிற்கிற தெருக்கள் நம்மிடம் நிறைய.

கேள்வி: எங்களுடையது பேரூராட்சி. நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். எங்களைப் போன்றவர்கள் பேச இடம் உண்டா?
- வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: உண்டு. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, ஆனால் வார்டு குழுவுக்கும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் 2022-ல் விதிகள் வந்துவிட்டன. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025-ல் தமிழக அரசு சட்டத் திருத்தமும் கொண்டுவந்தது. செயல் அலுவலருக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த பகுதி சபை எந்தத் தேதி, எந்தக் கட்டடம், அங்கே சாய்தளம் இருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். மாடியில் என்று பதில் வந்தால், கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி அடுத்த கடிதம்.