கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து வேண்டுமா?

கேள்வி: கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பனுக்கு வந்து இரண்டு வருடம். சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு எட்டு மாதம். மறுபடியும் நாள் தள்ளிப்போய் ஆறு வாரம் ஆகிறது. கலைத்துவிடலாம் என்றால் கணவர் ஒப்பவில்லை. விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார். கிளினிக்கில் நர்ஸ் 'புருஷன் கையெழுத்து வேண்டும்' என்றார். சாட்ஸ்வொர்த்தில் பஸ் நிற்கும் இடத்துக் கம்பத்தில், வலியில்லை, அன்றே முடியும் என்று போன் நம்பரோடு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அங்கே போகலாமா?

பதில்: போகாதீர்கள் சகோதரி. அந்த நோட்டீஸ் ஆட்களிடம் பெரும்பாலும் மருத்துவப் பதிவு இருக்காது. தகுதியில்லாதவர் கருக்கலைப்புச் செய்தால் பத்தாண்டு வரை சிறை. ஆனால் உங்களுக்கு ரத்தப்போக்கு நிற்காவிட்டால் அந்த நம்பரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கணவர் கையெழுத்து தேவையில்லை. தென்னாப்பிரிக்கக் கருக்கலைப்புச் சட்டம் (1996ஆம் ஆண்டின் 92ஆம் எண்), 5ஆம் பிரிவு: கர்ப்பிணியின் சம்மதம் மட்டும் போதும். அந்த நர்ஸ் சொன்னது சட்டமல்ல, அவருடைய அபிப்பிராயம். 'பெண்' என்றால் எந்த வயதுப் பெண்ணும் என்றே இந்தச் சட்டம் சொல்கிறது. குடியுரிமை பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

உங்கள் கணக்கைத்தான் திருத்த வேண்டும். சட்டம் நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறது. உங்கள் ஆறு வாரம் அங்கே கிட்டத்தட்ட பத்து வாரம். 12 வாரம் வரை நீங்கள் கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம். 13 முதல் 20 வாரம் வரை மருத்துவர்தான் செய்ய வேண்டும். உடல்நலம், மனநலம், குடும்பப் பொருளாதார நிலை போன்ற காரணங்களை அவர் ஏற்க வேண்டும். அதற்கு மேல் உயிருக்கு ஆபத்து, சிசுவுக்குக் கடுமையான குறை போன்றவை மட்டுமே. ஆக இந்த வாரமே கிளம்புங்கள். சிசேரியன் ஆன தேதியை மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லாக் கிளினிக்கிலும் செய்வதில்லை, அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான். அரசு இடமென்றால் 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி கட்டணம் கிடையாது. 'நான் செய்ய மாட்டேன்' என்று ஒருவர் மனசாட்சியைக் காட்டினால் வாதம் வேண்டாம். வேறு எங்கே போவது என்று கேளுங்கள், அவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். சட்டப்படியான கருக்கலைப்பைத் தடுப்பதும் குற்றம்; அதற்கும் பத்தாண்டு வரை சிறை உண்டு. உங்கள் அடையாளம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏதாவது மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் மறைக்காதீர்கள். கட்டி கட்டியாக ரத்தம், காய்ச்சல், துர்நாற்றம் என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதென்று அரசியல் சட்டம் 27ஆம் பிரிவு சொல்கிறது. கருக்கலைப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பழைய சட்டம் இருந்த 1994இல், அரைகுறைக் கருக்கலைப்பால் ஆண்டுக்கு 425 பெண்கள் அரசு மருத்துவமனைகளில் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சட்டம் மாறியபின் அந்தச் சாவுகள் பெருமளவு குறைந்தன.

விசா தருவதும் எடுப்பதும் உள்துறை. கணவர் வாயால் ரத்தாகாது. ஆனால் துணைவர் விசா திருமணத்தை நம்பி நிற்பது. பிரிகிற நிலை வந்தால் முன்கூட்டியே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். மிரட்டினாலோ பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தாலோ, 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதற்கு வக்கீல் கூட வேண்டாம், அங்குள்ள எழுத்தரே படிவம் நிரப்ப உதவுவார்.