சுரங்க ரயில் நிலையத்தில் ஓர் இசை

கேள்வி: மேலைநாட்டுச் சுரங்க ரயில் நிலையங்களில் வாசிக்கும் இசைக் கலைஞர்களை, அவசரமாகச் செல்லும் பயணிகள் உண்மையில் கேட்கிறார்களா? (வாசகி, மதுரை)

பதில்: கேட்பவர்கள் சிலரே, ஆயினும் அவர்கள் யார் என்பதுதான் என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. 2007 ஜனவரியில், புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், ஒரு நாளிதழின் சோதனைக்காகத் தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல், வாஷிங்டன் நகரின் லான்ஃபான்ட் பிளாசா நிலையத்தில், 1713ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஸ்ட்ராடிவேரியஸ் என்னும் பெயர்பெற்ற இத்தாலிய வயலினில், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயற்றிய இசையையும் பிறவற்றையும் 43 நிமிடங்கள் வாசித்தார். கடந்து சென்ற 1,097 பேரில் ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர்கள் ஏழு பேர் மட்டுமே. அவர்களில் ஒருவர், இளமையில் வயலின் கலைஞராக விரும்பிப் பயின்று, பின்னர் அதைக் கைவிட்டுவிட்டு அஞ்சல் துறையில் பணிபுரிந்தவர். வாசிப்பவரின் பெயரை அறியாமலேயே அந்த இசையின் உயர்வை அவர் கண்டுகொண்டார். அவ்வழியே வந்த குழந்தைகளோ ஒருவர் தவறாமல் நின்று பார்க்க முயன்றார்கள். பெற்றோர்தாம் இழுத்துச் சென்றார்கள்.

மக்களுக்கு ரசனை இல்லை என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது நியாயமன்று. அது காலை அலுவலக நேரம். 2014இல் முன்னறிவிப்புடன் அதே நகரின் யூனியன் நிலையத்தில் பெல் மீண்டும் வாசித்தபோது, பெருங்கூட்டம் திரண்டு நின்று கேட்டது. நியூயார்க்கிலோ, போக்குவரத்து நிறுவனமே கலைஞர்களைத் தேர்வுசெய்து நிலையங்களில் வாசிக்க இடம் ஒதுக்குகிறது.