ஸ்டீல் சக்கரத்துக்கு எந்த வீல் கவர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பனிக்கால டயர் மாட்டும் பருவம் வந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி டயரைப் பற்றியவை. மீதியில் பெரும்பகுதி, அந்த டயர் ஏறியிருக்கும் கறுப்பு ஸ்டீல் சக்கரத்தை எதைக் கொண்டு மூடுவது என்பதுதான். இதை வெறும் அலங்கார விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. வீல் கவர் நட்டுகளை மறைக்கிறது, வால்வை ஒட்டி உட்காருகிறது, பிரேக்குக்குக் காற்று போகும் வழியில் நிற்கிறது. ஆகவே அழகை நான் கடைசியில்தான் பார்ப்பேன். கழன்று விழாமல் இருக்குமா, வேண்டும்போது கையோடு கழற்ற வருமா என்ற இரண்டையும் முதலில் பார்ப்பேன்.

டேப் வைத்து ரிம்மை அளந்தேன். 16 அங்குலத்துக்குச் சற்று மேல் வந்தது. 16 அங்குல கவர் வாங்கினேன். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்புகிறது. கவர் மட்டமானதா?

கவர் மேல் குற்றமில்லை. உங்கள் ரிம் 15 அங்குலமாகத்தான் இருக்கும். ரிம்மின் அளவு என்று சொல்வது டயரின் உள்விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டத்தை. நாம் வெளியே பார்க்கும் உதடு அதற்கும் மேலே, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் எழுந்து நிற்கிறது. ஆகவே 15 அங்குல ரிம்மின் குறுக்கே டேப்பை நீட்டினால் அது 16-ஐத் தாண்டித்தான் காட்டும். இதே தவறைச் செய்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

டேப்பை வைத்துவிட்டு டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். 195/65 ஆர்15 என்று இருந்தால் கடைசியில் வரும் 15 தான் உங்களுக்கு வேண்டிய எண். 'ஆர்' என்பது ரேடியல் டயரைக் குறிக்கிறது, ஆரத்தை அல்ல. பனிக்காலத்துக்கு ஓர் அங்குலம் சிறிய ரிம் மாட்டுவது பரவலான வழக்கம் என்பதால், கோடைக்காலச் சக்கரத்தின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு கவர் வாங்கிவிடாதீர்கள்.

அளவு பொருந்தினால் மட்டும் போதாது. வாங்கும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ரிம்மின் உதட்டுக்கு உட்புறம் விரலை ஓடவிடுங்கள். சுற்றிலும் ஒரு சிறு மேடோ பள்ளமோ தட்டுப்பட வேண்டும். கவரின் கிளிப்புகள் அதைத்தான் பற்றிக்கொள்கின்றன. அலுமினியக் கலவையில் வார்க்கும் அலாய் சக்கரம் போலத் தோன்றுவதற்காகப் பெரிய பெரிய துளைகளோடு செய்யப்பட்ட சில ஸ்டீல் சக்கரங்களில் இந்தப் பிடிமானமே இருக்காது. அடுத்து, ஒரு நேரான மட்டப்பலகையை ரிம்மின் குறுக்கே வையுங்கள். நட்டுகளோ நடுவில் உள்ள குமிழோ பலகையை முட்டினால் தட்டையான கவர் உட்காராது. நடுப்பகுதி குவிந்த கவராகத் தேடுங்கள்.

எல்லாம் பிளாஸ்டிக்தானே, விலை குறைந்ததை வாங்கினால் என்ன?

கவரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எந்த பிளாஸ்டிக்கில் செய்தார்கள் என்ற குறி பெரும்பாலும் அங்கே அச்சிலேயே பதிந்திருக்கும். பி.பி. என்று மட்டும் இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். அதன் சாதாரண வகை, வெப்பம் உறைநிலையை நெருங்கும்போதே விறைத்துவிடும். கோடையில் வளைந்து கொடுத்த அதே கவர் பனியில் சாலையோரத் திட்டில் லேசாக உரசினாலும் விள்ளும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அதைவிடக் கடுங்குளிரையும் தாங்கும். ரப்பர் தன்மையுள்ள பொருளைக் கலந்த பாலிப்ரொப்பிலீனும் உண்டு, பி.பி.யோடு கூட்டல் குறி போட்டு ஈ.பி.டி.எம். என்று பொறித்திருப்பார்கள். அதுவும் நல்லதே.

ஆனால் பொருளைவிட நான் அதிகம் பார்ப்பது பின்பக்கத்துக் கால்களை. ரிம்மைப் பற்றும் கிளிப் கால்கள் அடிப்பகுதியில் தடித்து, முட்டுக் கொடுத்து வார்க்கப்பட்டிருக்க வேண்டும். அவற்றை வெளிப்பக்கம் தள்ளி நிறுத்தும் கம்பி வளையம் விரலால் அழுத்தினால் உடனே திருப்பித் தள்ள வேண்டும். கம்பி மெலிந்து தளர்ந்திருந்தால், முன்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் வாங்காதீர்கள்.

மாட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முந்தைய இரவே கவர்களை வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். சில்லிட்ட பிளாஸ்டிக்கைத் தட்டினால் கால் முறியும். கம்பி வளையத்தில் ஓரிடம் மட்டும் வளைந்து ஒதுங்கியிருக்கும். அது வால்வுக்கான இடம். முதலில் அந்த வளைவை வால்வுக்கு நேராக வைத்து அழுத்துங்கள். பிறகு இடமும் வலமுமாக மாற்றி மாற்றி, கிளிப் கால் இருக்கும் இடத்தில் மட்டும், உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு காலும் உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கடைசிக் கால் மட்டும் அடம்பிடித்தால் அதன் தலையில் ஓங்கி அடிக்காமல், கவரைக் கழற்றி மறுபடி வால்விலிருந்து தொடங்குங்கள்.

புதுக் கவர் மாட்டியதிலிருந்து மெதுவாகத் திரும்பும்போது 'டிக், டிக்' என்று சத்தம். கவர்தான் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இன்றைக்கே கவரைக் கழற்றி, நட்டுகளைப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் காருக்கே இது நடந்தது. ஒரு பட்டறையில் பனிக்காலச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு வந்தேன். இரண்டாம் நாள் வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்பும்போது முன் இடப்பக்கத்தில் மெல்லிய சத்தம். புதுக் கவர் உரசுகிறது என்று நானே முடிவு கட்டினேன். மூன்றாம் நாள் சத்தம் சற்று மாறியதுபோல் காதுக்குப் பட்டது. ஓரமாக நிறுத்திக் கவரைப் பிடுங்கினேன். ஐந்து நட்டுகளில் இரண்டு என் விரல்களாலேயே திரும்பின. அவை உட்காரும் குழியின் பெயிண்ட் உரசித் தேய்ந்து, இரும்பு வெள்ளி போல மின்னியது. கவர் இல்லாத வெறும் சக்கரமாக இருந்திருந்தால், அந்த மினுமினுப்பு முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். இன்று நினைத்தாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

அதனால் சொல்கிறேன். சக்கரம் மாற்றியபின் முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி முறுக்க வேண்டும். அதுவரை கவரே மாட்ட வேண்டாம். சக்கரம் வெறுமையாகவே ஓடட்டும்.

நட்டுகள் சரியாக இருந்தால், நான்கு கவரையும் எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே வேகத்தில் திருப்பிப் பாருங்கள். சத்தம் நின்றால் கவர்தான் காரணம். ரிம் உதட்டின் உட்புறத்தில் உள்ள துருவையும் மணலையும் துடைத்து, கம்பி வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் மிக லேசாகப் பூசி மாட்டுங்கள். கவர் இல்லாமலும் சத்தம் தொடர்ந்தால் மெக்கானிக்கிடம் காட்டியாக வேண்டும்.

ஒரே பருவத்தில் இரண்டு கவர்கள் எங்கோ விழுந்துவிட்டன. கேபிள் டை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டை) போட்டுக் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் ஏன் விழுந்தது என்று முதலில் பாருங்கள். பலர் கவனிக்காத ஒரு காரணம் இருக்கிறது. சக்கரம் அதிராமல் சுழல எடையைச் சமன் செய்யும் பேலன்ஸிங்கின்போது ரிம்மின் வெளி உதட்டில் அடித்துப் பொருத்தும் எடை, கவரின் விளிம்பைத் தூக்கிவிடும். அந்த ஓரிடத்தில் கவர் ஒட்டாமல் நிற்கும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் பறந்துவிடும். ரிம்மின் உட்சுவரில் ஒட்டும் எடைகளைப் போடச் சொல்லுங்கள். மற்றபடி முறிந்த கால், தளர்ந்த வளையம், கார் கழுவும் இயந்திரத்தின் தூரிகை ஆகியவைதான் வழக்கமான காரணங்கள்.

கேபிள் டை போடுவதானால் எதிரெதிராக இரண்டு போதும். கவரின் துளை வழியாக நுழைத்து, சக்கரத்தின் துளை வழியாகத் திருப்பி எடுத்து, முடிச்சு வெளிப்பக்கம் வரும்படி இறுக்கி, வாலை ஒட்ட வெட்டுங்கள். உள்ளே பிரேக் பாகம் எதையும் அது தொடக்கூடாது. சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வண்டியில் ஒரு வெட்டுக் கத்தரியும் இருக்கட்டும். பனி கொட்டும் இரவில் பஞ்சரான டயரைக் கழற்ற இந்தக் கட்டு குறுக்கே நிற்கக்கூடாது.

நட்டோடு சேர்த்துப் பிடிக்கும் கவர் மேலா, கிளிப் கவர் மேலா?

உங்கள் சக்கரத்துக்கென்றே கார் தயாரிப்பாளர் செய்ததாக இருந்தால் நட்டுப் பிடிப்புக் கவர் விழவே விழாது. நான் அதைத்தான் விரும்புவேன். அவற்றில் நட்டு இரும்பின் மேல்தான் இறுகும். கவரைப் பிடிப்பது நட்டின் தலையோ அதன் மேல் திருகும் பிளாஸ்டிக் மூடியோ மட்டுமே. எந்தக் கவரானாலும் நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, இறுகும் இடத்தில், பிளாஸ்டிக் அகப்படக்கூடாது. பிளாஸ்டிக் நாளடைவில் நசுங்கும், நட்டின் பிடி தளரும்.

இன்னொன்று. அலாய் சக்கரத்தின் நட்டையோ போல்ட்டையோ அப்படியே ஸ்டீல் சக்கரத்துக்குப் போடலாமா என்று கையேட்டில் பாருங்கள். கூம்பு, உருண்டை, தட்டை என்று உட்காரும் வடிவம் வேறுபடும். போல்ட்டின் நீளமும் வேறுபடலாம். நீண்ட நட்டுத்தலை கவரின் முதுகில் முட்டுவதும் உண்டு.

மூடிய கவரா, துளைகள் உள்ளதா?

மிதமான துளைகள் உள்ளது. பிரேக்குக்குக் காற்று வேண்டும், உள்ளே புகுந்த பனி உருகி வெளியேறவும் வழி வேண்டும். ஆழ்ந்த பனியில் ஓட்டியபின் ஸ்டீயரிங் திடீரென்று அதிர்ந்தால் சக்கரத்தின் உட்பக்கம் பனிக்கட்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் அதிர்வு போய்விடும்.

அலாய் சக்கரத்தின் கீறலை இப்படிப்பட்ட கவரால் மறைக்கலாமா?

வேண்டாம். கிளிப் பற்ற இடமிருக்காது, இருக்கும் கீறலோடு புதுக் கீறல்களும் சேரும்.

கவரே இல்லாமல் கறுப்புச் சக்கரத்தோடு ஓட்டினால் தவறா?

ஒரு தவறும் இல்லை. கவர் துருவைத் தடுக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு கலந்த சேறு கவருக்குப் பின்னால் தங்கி ஈரமாகவே கிடப்பதைத்தான் நான் கழற்றும்போதெல்லாம் பார்க்கிறேன். நடுக்குமிழை மூடும் சிறு மூடியை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த சக்கரத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் பூசலாம். ஆனால் சக்கரம் வண்டியோடு ஒட்டும் முகத்திலும், நட்டு உட்காரும் குழிகளிலும் பெயிண்ட் ஏறாமல் மறைத்துவிட்டுப் பூசுங்கள். அங்கே தடித்த பெயிண்ட் இருந்தால் அது நசுங்க நசுங்க நட்டு தளரும்.

டயர் காற்றழுத்த சென்சார் உள்ள வால்வு. கவர் மாட்டினால் சேதமாகுமா?

கவர் வால்வைத் தள்ளிக்கொண்டு நின்றால் சேதமாகும். சென்சார் வால்வுகளில் உலோகத் தண்டு உள்ளவை ரப்பர் வால்வைப் போல வளைந்து கொடுக்காது, தடிமனும் சற்றுக் கூடுதல். கவர் மாட்டியபின் வால்வைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடைவெளி தெரிய வேண்டும். தொடுகிறது என்றால் கவரின் துளையை அரத்தால் சற்று அகலப்படுத்துங்கள். வால்வின் தலைக்கு பிளாஸ்டிக் மூடியே போடுங்கள். சாலை உப்பில் உலோக மூடி அரித்து இறுகிவிட்டால், திருகும்போது வால்வுத் தண்டே முறிந்து கையோடு வந்துவிடும்.