நாயோடு சாப்பிடப் போக ஓர் இடம் – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: பெங்களூரிலிருந்து தஞ்சாவூருக்குக் குடிவந்து ஒன்பது மாதம் ஆகிறது. மருத்துவக் கல்லூரியைத் தாண்டி, வல்லம் போகும் பக்கம் புதிதாக எழுந்த நகர் ஒன்றில் வீடு. எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது, முப்பது கிலோ எடை. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமையானால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் வெளியே சாப்பிடப் போவோம். இங்கே இணைய வரைபடத்தில் ‘செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு’ என்று போட்டிருந்த ஓட்டலுக்கு நாற்பது நிமிடம் காரோட்டிப் போனோம். காவலாளி கார்க்கதவைக்கூடத் திறக்க விடவில்லை. இந்தப் பக்கம் நாயோடு போக ஓர் இடமும் கிடையாதா? எப்படித் தேடுவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. ஆனால் ‘நாய்க்கு அனுமதி’ என்று பலகை மாட்டிக்கொண்டு இருப்பதில்லை. பெங்களூரில் பலகையைப் பார்த்துப் போனீர்கள். இங்கே முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

முதலில் அந்தக் காவலாளியின் மீதுள்ள கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் கீழ் உரிமம் வழங்குவதற்காக 2011-இல் வந்த விதிமுறைகளின் நான்காவது அட்டவணை, உணவு நிறுவன வளாகத்துக்குள் விலங்குகள், பறவைகள், செல்லப்பிராணிகள் நுழையக்கூடாது என்கிறது. அடுப்படியையும் சரக்கறையையும் மனத்தில் வைத்து எழுதியதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எழுத்தில் இருப்பது வளாகம். பெருநகரங்களில் வெளி இருக்கைகளில் நாயை அனுமதிக்கும் உணவகங்கள் இந்த இடைவெளியில்தான் ஓடுகின்றன. நம் ஊர் முதலாளி, சோதனைக்கு அதிகாரி வந்தால் என்ன சொல்வது என்று தயங்கினால் அது நியாயமான தயக்கம். நாயை உள்ளே விடச் சொல்லிக் கேட்க நுகர்வோர் உரிமை எதுவும் கிடையாது. கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

எங்கே கேட்பது? வாழையிலை போட்டுச் சாப்பாடு போடும் ஓட்டலையும் மெஸ்ஸையும் விட்டுவிடுங்கள். இலைக்கு இலை இடமில்லாமல் ஆட்கள் உட்காரும் இடத்தில், சாம்பார் வாளியோடு சர்வர் ஓடும் பாதையில், முப்பது கிலோ நாய்க்கு வேலை இல்லை. குளிரூட்டிய கூடம் மட்டுமே உள்ள இடங்களும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது, கட்டடத்துக்குள் நுழையாமலே போய் உட்காரக்கூடிய மேசை. திருச்சி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று வரும் வழியில் தாபாக்களைக் கவனித்தீர்களானால், முன்புறம் பரந்த இடம் விட்டு, கீற்றுக்கொட்டகையோ தகரக்கொட்டகையோ போட்டிருப்பார்கள். அந்த ஓரத்து மேசைதான் உங்கள் இலக்கு. புறவழிச்சாலைப் பக்கம் புதிதாக வரும் தோட்ட உணவகங்களும், மரத்தடியில் நாற்காலி போடும் காபிக் கடைகளும் அடுத்தபடி.

டீக்கடையை மறந்துவிடாதீர்கள். வெளியே பெஞ்சு, கண்ணாடிப் பாட்டிலில் பொறை, கீழே காத்திருக்கும் நாய் என்று நாய்க்கும் மனிதருக்குமான உணவகத்தை நாம் தலைமுறை தலைமுறையாக நடத்தித்தான் வருகிறோம். பெயர் வைக்கவில்லை என்பதுதான் குறை.

ராத்திரிப் பரோட்டாக் கடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திறந்த வெளி, நல்ல காற்று, கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். நாய்க்கு ஏற்ற இடம் என்றுதான் தோன்றும். ஆனால் அது ஏற்கெனவே வேறு நாய்களின் இடம். எலும்புக்காகக் காத்திருக்கும் தெருநாய்கள் நான்கைந்தாவது இருக்கும், அவற்றின் எல்லைக்குள் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு நாய் வந்து உட்கார்ந்தால் பொறுத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டு நாயை ஒருமுறை அப்படிக் கூட்டிப் போய், முட்டைப் பரோட்டாவைப் பாதியில் விட்டுவிட்டுக் காருக்குள் ஓடிவந்தவன் நான்.

தேடும் வழிக்கு வருகிறேன். வரைபடத்தில் போட்டிருக்கும் ‘அனுமதி உண்டு’ குறிப்பைப் பெரும்பாலும் ஓட்டல்காரர் போட்டிருக்க மாட்டார். வந்துபோன யாரோ பொத்தானை அழுத்தியிருப்பார்கள். குறிப்பை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் ஏற்றிய படங்களைப் பாருங்கள். வெளி மேசை இருக்கிறதா, தரை என்ன, சாலை எவ்வளவு பக்கம், படம் எந்த ஆண்டு எடுத்தது என்று பாருங்கள். ஒரே ஒரு படத்திலாவது மேசையடியில் ஒரு வால் தெரிந்தால் அது நூறு விமரிசனத்துக்குச் சமம். அதைவிட நம்பகமான வழி, நாய் வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் காது கொடுப்பது. தடுப்பூசிக்குப் போகும் கால்நடை மருத்துவரிடமும், தீவனம் வாங்கும் கடையிலும் கேளுங்கள். ஒரத்தநாட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனால், வரிசையில் காத்திருக்கும் நேரத்திலேயே பாதி மாவட்டத்தின் தகவல் கிடைத்துவிடும்.

இடத்தைக் கண்டுபிடித்தபின் தொலைபேசியில் பேசுங்கள். “நாய் கூட்டிவரலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு “தாராளமாக வாருங்கள் சார்” என்ற பதில்தான் வரும். அந்தப் பக்கம் பேசுபவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையனாக இருப்பார், அவர் மனத்தில் இருப்பது கைக்குள் அடங்கும் பொமரேனியனாக இருக்கும். “லாப்ரடார், முப்பது கிலோ, கட்டியே வைத்திருப்போம். எந்த மேசை கொடுப்பீர்கள்? உள்ளே நுழையாமல் அங்கே வர வழி இருக்கிறதா? முதலாளியிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். சரி என்றால் அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதன் அருமை அடுத்த கேள்வியில் தெரியும்.

நேரமும் பாதி வெற்றி. மாலை நான்கரையிலிருந்து ஆறு மணிக்குள் போனால் டிபன் கூட்டம் வந்திருக்காது. முகூர்த்த நாளில் எந்த ஓட்டலுக்கும் போகாதீர்கள். அசைவ ஓட்டல் என்றால் புரட்டாசி மாதம் பொன்னான காலம். மேசைகள் காலியாகக் கிடக்கும், முதலாளிக்கும் வருகிறவர்களிடம் தனிப் பிரியம் வந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் பகல் நேரத்து யோசனையே வேண்டாம். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட். நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர அதற்கு வழியில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தகரக்கொட்டகைக்கு அடியில் அது நடக்காது. தரையில் புறங்கையை வைத்து ஐந்தாறு வினாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. ‘நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், அவள் காரில் இருக்கட்டும்’ என்பது எந்த மாதத்திலும் கூடாது. வெயிலில் பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடு ஏறிவிடும்.

இவ்வளவும் படித்து மலைப்பாக இருந்தால் பார்சல் இருக்கிறது. வாங்கிக்கொண்டு வீட்டு மொட்டைமாடிக்கோ, ‘புது ஆறு’ என்று இங்கே சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரையில் நிழலான இடத்துக்கோ போய்ச் சாப்பிடுங்கள். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மட்டும் வாரைக் கையிலிருந்து விடவேண்டாம். லாப்ரடாருக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது; புது ஆற்றின் இழுப்பு அதற்குத் தெரியாது.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காக ஒரு தோட்ட உணவகத்தில் பத்துப் பேருக்கு இடம் பதிவு செய்து 2,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். நாயும் வரும் என்று தொலைபேசியில் சொன்னேன், சரி என்றார்கள். போன பிறகு “வேறு குடும்பம் ஆட்சேபிக்கிறது” என்று நாயை வெளியே கட்டச் சொன்னார்கள். நாங்கள் திரும்பிவிட்டோம். முன்பணத்தைத் தர மறுக்கிறார்கள். வழி உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. மேலே சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. நாயை அனுமதிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அனுமதிப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியபின் மறுத்தால், சொன்ன சேவையைத் தரவில்லை என்று ஆகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதைச் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம்.

முதலில் முதலாளிக்கே வாட்ஸ்அப்பில் நிதானமாக எழுதுங்கள். தேதி, பணம் அனுப்பிய விவரம், யாரோடு பேசினீர்கள், என்ன ஒப்புக்கொண்டார்கள், ஒரு வாரத்துக்குள் பணம் வேண்டும் என்று எழுதினால் போதும், வசைமொழி வேண்டாம். அவர் ‘நாய் என்பதால்தான் அனுப்பினோம், பணம் தர முடியாது’ என்று பதில் எழுதினால் அதுவே உங்களுக்குச் சான்று. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். இந்த அளவுத் தொகை பெரும்பாலும் அங்கேயே பேசி முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஓட்டல் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

2,000 ரூபாய்க்காக ஆணையத்துக்கு நடப்பீர்களா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொண்டு, நடந்ததை நடந்தபடி ஒரு விமரிசனமாக எழுதிவைப்பேன். அடுத்த நாய்க்காரருக்கு அது உதவும்.

கேள்வி: பில்லில் ‘பெட் சார்ஜ் 150’ என்று சேர்த்துவிட்டார்கள். கொடுக்க வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: முன்கூட்டியே சொல்லியிருந்தாலோ, உணவுப்பட்டியலில் அச்சிட்டிருந்தாலோ அது விலை, விருப்பமில்லாதவர் போகாமல் இருக்கலாம். சொல்லாமல் கடைசியில் சேர்த்திருந்தால் மறுத்துப் பேச உங்களுக்கு நியாயம் உண்டு. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வேறு பெயரில் வசூலிப்பதற்கும் அதில் தடை உண்டு. ஆனால், உங்கள் நாய் உதிர்த்த முடியை யாரோ பெருக்கியிருப்பார்கள். அந்த 150 அவர் கைக்குப் போகிறது என்றால் நான் கொடுத்துவிடுவேன்.

கேள்வி: நாய் வளர்ப்பவர்களுக்கு மட்டும்தான் பதில் எழுதுவீர்களா? பக்கத்து மேசைக்காரர் தன் நாயை நாற்காலியில் ஏற்றி, ஓட்டல் தட்டிலிருந்தே ஊட்டினார். என் பேரனுக்கு மூன்று வயது. நான் ஆட்சேபித்தால் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, நீங்கள் ஆட்சேபித்தது முழுக்கச் சரி. நாய்க்குத் தரையில் இடம், தண்ணீருக்குச் சொந்தக் கிண்ணம். ஓட்டல் தட்டில் ஊட்டுகிறவரால்தான் மற்ற நாய்க்காரர்களுக்கும் கதவு மூடப்படுகிறது. அடுத்தமுறை அவரிடம் பேசாதீர்கள். சர்வரைக் கூப்பிட்டு வேறு மேசை கேளுங்கள், அந்தத் தட்டைத் தனியாகக் கழுவச் சொல்லுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் ஓட்டலில் மாட்டியிருக்கும் 14 இலக்க உணவு உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

பேரனை நாய் பல்லால் கீறினாலும் அது கடிதான். பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ‘எங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று’ என்று அவர் சொன்னால் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நாயைக் கவனமின்றி விட்டு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் அது குற்றம்.

கேள்வி: மிச்சம் ஆனதை நாய்க்குப் பார்சல் கட்டித் தருகிறார்கள். எதையெல்லாம் கொடுக்கலாம்?
– வாசகர், திருவாரூர்

பதில்: சால்னா, குருமா, சாம்பார் மூன்றும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ‘எங்கள் வீட்டு நாய் பத்து வருடமாகச் சாம்பார் சாதம்தான்’ என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். அது அந்த நாயின் அதிர்ஷ்டம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது. சாக்லேட்டும் விஷம். டிகிரி காபி நுரையைத் தம்ளரோடு நக்கக் கொடுப்பவர்களை நான் கும்பகோணத்தில் பார்த்திருக்கிறேன், காபியும் கூடாது.

உப்புக் குறைவான இட்லி, வெறும் சாதம், மசாலா படாத அவித்த முட்டை, எலும்பில்லாமல் வேகவைத்த கறி கொடுக்கலாம். ஓட்டலில் கேட்கும்போது “நாய்க்கு” என்று சொல்லியே கேளுங்கள். சொல்லாவிட்டால், குழந்தைக்கு என்று நினைத்துச் சர்க்கரை தூவிவிடுவார்கள்.