ஸ்கேனா, தம்பியின் தவணையா?

கேள்வி: எனக்கு 61 வயது. களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. நீரிழிவும் பிரஷரும் உண்டு. நாரி நோவுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் முள்ளந்தண்டு தேய்ந்திருப்பதாகச் சொன்னார்கள், பாதமும் விறைக்கிறது. தனியாரிடம் எம்.ஆர்.ஐ. எடுக்க 35,000 ரூபாய் ஆகுமாம். ஓய்வூதியம் 58,000. தம்பியின் முச்சக்கர வண்டி லீசிங்குக்கு மாதம் 14,500 கட்டுகிறேன். நான் பிணை நிற்கவில்லை. முன்பணத்துக்காக ஆண்டுக்கு 18 வீத வட்டியில் 2 இலட்சத்துக்கு என் நகையை அடகு வைத்தேன். ஐந்து மாதமாகக் கிளினிக் போகவில்லை. நோ மாத்திரையைப் பார்மசியில் வாங்கிப் போடுகிறேன். முதுகைத் தொடர்ந்து பார்ப்பதா, விடுவதா?

பதில்: விடாதீர்கள். ஆனால் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் ஸ்கேன் அல்ல.

அடகு வட்டி மாதம் சுமார் 3,000. தவணையோடு சேர்த்தால் 17,500. இரண்டு மாதம் தம்பிக்குப் போகும் காசு, உங்களுக்கு எட்டாததாகத் தோன்றும் அந்த ஸ்கேனின் முழு விலை. நீங்கள் பிணை நிற்காததால், தவணை நின்றால் லீசிங் நிறுவனம் தேடி வருவது உங்களையல்ல. வண்டி ஓடிச் சம்பாதிக்கிறது. அடுத்த மாதம் முதல் அவரே கட்டட்டும் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அவர் கோபித்தாலும் மிஞ்சும் 14,500இல் 5,000ஐ பஸ் காசுக்கும் வைத்தியசாலையில் கிடைக்காத மருந்துக்கும் ஒதுக்கி, மீதியை அடகுக் கடனின் முதல்தொகைக்குக் கட்டுங்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் நகை திரும்பிவிடும்.

இனி முதுகு. உங்கள் வயதில் தேய்மானம், நோவே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் பரவலாகத் தெரிவதால், ஸ்கேன் தேவையா என்பதைப் பரிசோதித்த வைத்தியரே சொல்ல வேண்டும். பாத விறைப்பு முதுகாலும் வரலாம், கட்டுப்பாடற்ற நீரிழிவாலும் வரலாம். இரண்டையும் பிரித்தறிய, விட்டுவிட்ட கிளினிக்குக்கே எக்ஸ்ரேயுடன் போங்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் வைத்தியரைப் பார்க்கக் கட்டணமில்லை. நீங்களாக வாங்கும் நோ மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். அவற்றுள் பல, நீரிழிவும் பிரஷரும் உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதலீடும் மருத்துவமும் ஒன்றாகத் தருவதாக யாரேனும் காப்புறுதி கொண்டுவந்தால் கையொப்பமிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களைப் பெரும்பாலும் அவை விலக்கிவிடும்.

சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.