சுன்னத்து: பிள்ளைக்காக யார் முடிவெடுப்பது? (கேள்வி பதில்)

ஆண் பிள்ளையின் முன்தோலை வெட்டும் சுன்னத்து பற்றி மலைநாட்டுப் பெற்றோர் சிலரின் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற பிள்ளை வைத்தியர் ஒருவர் தரும் பதில்கள்.

ஹட்டன், ஒரு தாய்: நாங்கள் இந்துக்கள். மகனுக்கு மூன்று மாதம். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி, "சுத்தத்துக்கு நல்லது, இப்பவே வெட்டிவிடு அக்கா" என்கிறான். செய்யலாமா டொக்டர்?

வேண்டாம் மகள். சுத்தத்துக்குத் தண்ணீர் போதும். சிறுநீர்த் தொற்று குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஆண் பிள்ளைகளில் நூற்றில் ஒருவருக்குத்தான் அது வருகிறது, வந்தாலும் மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி. தொற்றும் குறையும் என்று தம்பி சொல்லக்கூடும். 2007இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது அந்த நோய் பரவிக் கிடக்கும் நாடுகளுக்கு; இலங்கை அதில் சேராது. மகன் வளர்ந்து, வேண்டுமென்றால் தானே செய்துகொள்ளட்டும்.

அக்குறணை, ஒரு வாப்பா: மகன் பிறந்து இருபது நாள். நாற்பதுக்குள் கத்னா (சுன்னத்து) முடிக்க வேண்டும் என்று உம்மா நிற்கிறார். அவனைக் கேட்காமல் அவன் உடம்பில் கைவைக்க எனக்கு உரிமை உண்டா?

சட்டம் தடுக்கவில்லை. 2012இல் ஜெர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம் ஒன்று, மதத்துக்காகச் செய்தாலும் இது உடற்காயம்தான் என்றது. அந்த வருடம் முடியுமுன் அந்த நாட்டுப் பாராளுமன்றம் பெற்றோருக்கு அனுமதி தந்து சட்டம் போட்டது. அங்கேயே அப்படி இழுபறி.

என்னைக் கேட்டால், திரும்ப ஒட்டவைக்க முடியாத ஒன்றை எடுக்கிறீர்கள். அதற்கு மருத்துவக் காரணம் தேடிப் பூசாமல், மார்க்கத்துக்காகச் செய்கிறேன் என்று நேராகச் சொல்லுங்கள், அதை மதிக்கிறேன். செய்யாத பையன் கூட்டாளிகள் நடுவே படும் பாட்டையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் நாற்பது நாள் கெடு எதற்கு? ஷாபிஈ மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டவழிகளில் ஒன்று) கட்டாயமாவது பருவ வயதில்தான், ஏழாம் நாள் என்பது விரும்பத்தக்கது. மௌலவியிடமும் கேட்டுப் பாருங்கள்.

செய்வதென்றால், குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா என்று முதலில் சொல்லுங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருந்தால் தொடவே கூடாது. அதைச் சரிசெய்யும் ஒப்பரேஷனுக்கு அந்தத் தோல்தான் தேவைப்படும். "சின்னப் பிள்ளைக்கு வலி தெரியாது" என்று யாராவது மரக்கும் ஊசி போடாமல் கத்தியை எடுத்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கம்பளை: நான் கிறிஸ்தவப் பெண், கணவர் முஸ்லிம். எனக்கு இதில் விருப்பமில்லை.

அப்படியென்றால் நிறுத்திவையுங்கள். பிரித்தானிய மருத்துவச் சங்கமும் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும் என்கிறது. கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். நீங்கள் ஊருக்குப் போன நேரம் பார்த்து மாமி வீட்டில் காரியம் முடிந்த கதைகளும் உண்டு.

பண்டாரவளை: தடுப்பூசியும் காதுகுத்தும் பிள்ளையைக் கேட்டா செய்கிறோம்?

தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் பிள்ளைக்குத்தான் ஆபத்து, அதனால் கேட்பதில்லை. காதுகுத்து நியாயமான கேள்வி. அதையும் பிள்ளை கேட்டபிறகு குத்தலாம் என்பேன். என் வீட்டிலேயே அது எடுபடவில்லை.

பதுளை: மகளுக்கும் செய்யச் சொல்கிறார்கள்.

கூடவே கூடாது. நன்மை ஒன்றும் இல்லை, கேடுதான். வைத்தியர்கள் செய்யக் கூடாதென்று 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கையே விட்டது.

தலவாக்கலை: மகனுக்கு மூன்று வயது, தோல் பின்னால் போகவில்லை. குளிக்கவைக்கும்போது அப்பாயி இழுத்துவிடுகிறார். வெட்ட வேண்டுமா?

வேண்டாம், அப்பாயி கையையும் எடுக்கச் சொல்லுங்கள். பிறக்கும்போது அந்தத் தோல் ஒட்டித்தான் இருக்கும். தானாக விலகும், சிலருக்குப் பதின்ம வயது வரை ஆகும். இழுத்தால் கிழிந்து, தழும்பாகி, அப்புறம் உண்மையிலேயே வெட்டவேண்டி வரும். நுனி வெள்ளையாகத் தடித்தாலோ, சிறுநீர் போக முக்கினாலோ கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் முதலில் பூசும் மருந்துதான் தருவார்கள்.