பிஎல்டியில் ஆக்சிஜன் அழுத்தத்தை மாற்றினால் படலம் ஏன் அடியோடு மாறுகிறது?

பிஎல்டி என்பது லேசர் துடிப்பால் ஒரு பொருளைச் சிதறடித்து மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறை. அதைப் பற்றித் திருவொற்றியூரிலிருந்து எம்எஸ்சி படிப்பவர் கேட்டிருக்கிறார்: ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் டார்கெட் (லேசர் அடிக்கும் கட்டி), அதே பொருளில் சப்ஸ்ட்ரேட் (படலம் படியும் அடித்தட்டு), லேசரும் வெப்பமும் மாறவில்லை. 0.1 மில்லிபாரில் வளர்த்த படலம் மின்சாரம் கடத்தவில்லை, 10⁻⁶ மில்லிபாரில் வளர்த்தது நன்றாகக் கடத்துகிறது. படலத்தில் ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணமா?

ஆக்சிஜன் குறைந்தது என்பது சரி. ஆனால் அது படலத்தில்தான் குறைந்தது என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். நான் தண்டையார்பேட்டைக்காரன், பிஎல்டி சேம்பரோடு சில வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

ஆக்சிஜன் இங்கே இரண்டு தனி வேலைகள் செய்கிறது. முதல் வேலை ப்ளூம், அதாவது லேசர் அடித்ததும் டார்கெட்டிலிருந்து சீறும் பிளாஸ்மா மேகம், பறக்கும்போது. வெற்றிடத்தில் டார்கெட்டிலிருந்து கிளம்பும் அணுக்கள் பத்துக் கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வந்து படலத்தை மோதும், ஏற்கெனவே உட்கார்ந்த அணுக்களைக்கூட இடம் பெயர்க்கும். 0.1 மில்லிபாருக்கு மேல் போனால் தீபாவளி நேரத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஓடப் பார்க்கிறவன் கதைதான், வேகம் போய்விடும், ஒல்லியான ஆள் ஓரமாகத் தள்ளப்படுவான். லித்தியம் மாதிரி லேசான அணுக்கள் அப்படித்தான் சிதறி, டார்கெட்டில் இருந்த விகிதம் படலத்தில் வராமல் போகும்.

இரண்டாவது வேலை படிகத்துக்குள்ளே. ஆக்சிஜன் அணு இல்லாத ஒவ்வொரு காலியிடமும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவைக்கலாம், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் கடத்தியாவது அதனால்தான். இது வளர்க்கும்போது மட்டும் தீர்மானமாவதில்லை, குளிரும்போதும் தீர்மானமாகும். 1987இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டி. வெங்கடேசன் இருந்த குழு லேசரால் வளர்த்துக் காட்டிய ஒய்பிசிஓ (யிட்ரியம், பேரியம், காப்பர் ஆக்சைடு) இதற்கு நல்ல உதாரணம். வளரும் வெப்பத்தில் அதில் ஆக்சிஜன் பற்றாக்குறைதான். சேம்பரில் நூற்றுக்கணக்கான மில்லிபார் ஆக்சிஜன் நிரப்பி 400 முதல் 500 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் உள்ளே போய், 90 கெல்வினை ஒட்டி மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) ஆகிறது. அழுத்தத்தை மட்டும் எழுதிவிட்டுக் குளிர்வித்த விதத்தை எழுதாத ஆய்வேட்டைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், அதை வைத்து யாரும் திரும்பச் செய்ய முடியாது.

இப்போது உங்கள் விஷயம். 10⁻⁶ இல் கடத்துவது சப்ஸ்ட்ரேட்டாகவே இருக்கலாம். லாந்தனம் அலுமினேட்டை ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் மேல் வளர்த்தால் இடைமுகம் கடத்துகிறது என்று 2004இல் ஓட்டோமோவும் ஹ்வாங்கும் வெளியிட்டார்கள். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் கடத்தலின் பெரும்பங்கு சப்ஸ்ட்ரேட்டுக்குள் உண்டான காலியிடங்களிலிருந்து வரலாம் என்று 2007 வாக்கில் பல குழுக்கள் காட்டின. வெறும் சப்ஸ்ட்ரேட்டை அதே வெப்பத்தில் வைத்துச் சோதித்து, கடத்தவில்லை என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது, ஏனென்றால் வளரும் படலமே சப்ஸ்ட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும். எளிதில் ஆக்சிஜன் இழக்காத எல்சாட் (LSAT) என்ற வேறொரு ஆக்சைடு சப்ஸ்ட்ரேட்டில் அதே படலத்தை ஒருமுறை வளர்த்துப் பாருங்கள்.

அப்புறம் ஆக்சிஜனில் அனீல் செய்யுங்கள், அதாவது சூடாக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். கடத்தல் போய்விட்டால் காலியிடங்கள்தான். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சிதறலால் படிக இடைவெளியை அளக்கும் சோதனை) உச்சம் குறைந்த கோணத்திலேயே நின்றுவிட்டால், அதாவது படிக இடைவெளி விரிந்தே இருந்தால், ஸ்ட்ரான்ஷியம்–டைட்டானியம் விகிதத்தையோ மோதல் சேதத்தையோ சந்தேகப்படுங்கள், அது அனீலிங்கில் எளிதில் சரியாகாது.

வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டர் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ராயபுரம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், தெரியும். அதில் மீதி இருப்பது பெரும்பாலும் ஆர்கான், அது பெரிய கெடுதல் இல்லை, ஈரம்தான் தொல்லை. 99.999 சதவீதச் சிலிண்டரையே கேட்டு வாங்குங்கள்.

குளிர்விக்கும்போது எத்தனை மில்லிபார் வைத்தீர்கள் என்று எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.